கழிவுநீரில் வலிமை பெறும் கிருமிகளும் நம் சங்கங்களின் கடமையும்

நம் சங்கங்களின் அங்கத்தினருள் ஒரு சாரார் தறியில் அமர்பவர்கள். மற்றொரு சாரார் ஏர் பிடிப்பவர்கள். இருவருக்கும் பொதுவான மூலதனம் ஒன்று உண்டென்றால் அது தண்ணீரே. பாவுக்குக் கஞ்சி போடவும், நூலுக்குச் சாயம் தோய்க்கவும், தோய்த்ததை அலசவும் நீர் வேண்டும். நாற்றங்காலுக்கும் நடவுக்கும் நீர் வேண்டும். ஆகவே, நீரைப் பற்றிப் பேசாத கூட்டம் நம்மிடையே இல்லை. ஆயினும், நாம் பேசுவதெல்லாம் நீரின் அளவைப் பற்றியே. அதன் தூய்மையைப் பற்றிப் பேசுவது குறைவு. கண்ணுக்குப் புலப்படாத ஒரு தீங்கு இன்று குடிநீரையும் கழிவுநீரையும் பற்றி வருகிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் நீர்வழியே பெருகிப் பரவுவதே அத்தீங்கு. அதனைப் பற்றிச் சில கூறுவது நம் கடமையெனக் கருதுகிறோம்.

அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-ஆம் ஆண்டில் பென்சிலினைக் கண்டறிந்தார். அதன்பின் வந்த ஆன்டிபயாட்டிக் மருந்துகள் மனித குலத்துக்கு ஆற்றிய தொண்டு அளவிடற்கரியது. பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சலிலும், நிமோனியாவிலும், சீழ்பிடித்த புண்ணிலும் மாண்டிருக்க வேண்டிய எத்தனையோ பேரை அவை மீட்டுக் கொடுத்தன. ஆனால், 1945-இல் நோபெல் பரிசு பெற்றபோதே ஃபிளெமிங் ஓர் எச்சரிக்கை விடுத்தார். போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால், கிருமிகள் சாவதற்குப் பதிலாக அதைத் தாங்கப் பழகிவிடும் என்பது அவர் கூறியதன் கருத்து. அவர் அஞ்சியது நடந்தேறிவிட்டது. 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேர்க் காரணமாக உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று 2022-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. 2025 முதல் 2050 வரை இவ்வாறு இறப்போர் தொகை 3 கோடியே 90 லட்சத்தை எட்டக்கூடும் என்பது 2024-இல் வெளியான கணக்கு.

கிருமி எவ்வாறு இந்த ஆற்றலைப் பெறுகிறது? மருந்து பட்ட இடத்தில் மெலிந்த கிருமிகள் மடிகின்றன. தற்செயலாகத் தாங்கும் தன்மை பெற்றவை எஞ்சிப் பெருகுகின்றன. இது ஒரு வழி. இதனினும் அஞ்சத்தக்க வழி மற்றொன்று உண்டு. ஜப்பானில் 1950-களில் சீதபேதிக் கிருமி ஒரே சமயத்தில் நான்கு வகை மருந்துகளுக்கு அடங்காமற் போனது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கையும் அது பழகியிருக்க வேண்டுமென்றே முதலில் எண்ணினர். 1959-இல் அந்நாட்டு ஆய்வாளர் உண்மையைக் கண்டனர். குடலில் வாழும் வேறொரு பாக்டீரியாவிடமிருந்து, அந்நான்கு ஆற்றல்களும் ஒரே துண்டாகச் சீதபேதிக் கிருமிக்குக் கைமாறக் கூடும் என்பதே அது.

இதை நெசவாளருக்கு விளக்குவது எளிது. கரையில் அன்னப்பட்சி விழ வேண்டுமென்றால், அதற்குரிய ஜக்கார்டு அட்டைக் கோவை வேண்டும். அந்தக் கோவையைப் பார்த்து இன்னொன்று அடித்து அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால், அவர் தறியிலும் மறுநாளே அன்னம் விழும். அவர் அந்தச் சித்திரத்தைத் தாமே வகுக்க வேண்டியதில்லை. பாக்டீரியாக்களிடமும் இத்தகைய கோவைகள் உள்ளன. வளையம் போன்ற சிறு மரபுத் துண்டுகள் அவை, பிளாஸ்மிட் என்பர். ஒரு பாக்டீரியா தன் கோவையைப் படியெடுத்து, வேறு இனத்துப் பாக்டீரியாவுக்குக்கூடக் கொடுத்துவிடும். தீங்கற்ற கிருமி கற்ற வித்தையைத் தீங்குள்ள கிருமி இவ்வாறு ஒரு நொடியிற் பெற்றுவிடுகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஏற்ற சந்தை எது? கழிவுநீரே. நாம் விழுங்கும் மருந்தில் கணிசமான பகுதி உடலிற் செலவழியாமல் சிறுநீருடனும் மலத்துடனும் வெளியேறுகிறது. வீட்டுச் சாக்கடையும், ஆஸ்பத்திரிச் சாக்கடையும், கோழிப்பண்ணையின் கழிவும், சில இடங்களில் மருந்துத் தொழிற்சாலையின் கழிவும் ஒன்றாய்க் கூடுமிடத்தில், கோடானுகோடிக் கிருமிகளும் மருந்தின் மிச்சமும் நெருக்கமாய்ச் சேர்கின்றன. உலோகங்களும் இதற்குத் துணைபோவதுண்டு. சில சாயங்களிற் சேரும் செம்பு போன்ற உலோகத்தைத் தாங்கும் ஆற்றலும், மருந்தைத் தாங்கும் ஆற்றலும் பல சமயம் ஒரே கோவையில் அமைந்திருக்கின்றன. ஆகையால், உலோகம் கலந்த நீரில் பிழைக்கும் கிருமி மருந்தையும் வெல்வதாயிருக்கக் கூடும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் கிருமிகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைக்கின்றன என்பது உண்மை. ஆனால், மருந்தின் மிச்சத்தையும் எதிர்ப்பு மரபணுக்களையும் அறவே நீக்குவதற்கென்று அவை அமைக்கப்பட்டவை அல்ல.

இவை யாவும் ஏட்டளவில் நிற்கும் செய்திகள் என்று எவரும் எண்ண வேண்டாம். தெலங்கானாவில் ஐதராபாத் நகருக்கு அருகில் படான்செரு என்னும் ஊர் உள்ளது. சோளம், கம்பு, நிலக்கடலை ஆகியவற்றை ஆராயும் இக்ரிசாட் நிலையம் இருக்கும் ஊராகையால் உழவர்கள் அப்பெயரைக் கேட்டிருப்பார்கள். சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைப் பெற்றுச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்று அங்கே இருந்தது. அந்நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் சோதித்து, 2007-இல் முடிவை வெளியிட்டனர். சிப்ரோஃபிளாக்சசின் என்னும் மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை அந்நீரில் இருந்தது. அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் காணும் அளவைவிட இது பன்மடங்கு அதிகம். சுத்திகரித்து வெளியேற்றிய நீரின் நிலை இது. அந்நீர் ஓடையிற் சேர்ந்து, ஓடை ஆற்றிற் சேர்ந்து, கீழே உள்ள கிராமங்களின் கிணறுகளையும் வயல்களையும் அடைந்தது.

இனித் தலைநகரைப் பார்ப்போம். 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் புதுடில்லியில் தெருக்களில் தேங்கிய நீரிலிருந்து 171 மாதிரிகளும், குழாய்நீரிலிருந்து 50 மாதிரிகளும் எடுத்துச் சோதித்தனர். மற்ற மருந்துகள் தோற்றபின் மருத்துவர் கையாளும் கார்பபீனம் என்ற மருந்தையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 மரபணு, தேங்கிய நீர் மாதிரிகளில் 51-லும் குழாய்நீர் மாதிரிகளில் 2-லும் இருந்தது. காலராக் கிருமியிலும் சீதபேதிக் கிருமி வகையொன்றிலும்கூட அது காணப்பட்டது. 2011-இல் இம்முடிவு வெளியானபோது, அந்த மரபணுவுக்கு நம் தலைநகரின் பெயரைச் சூட்டியது முறையா என்ற விவாதமே பெரிதாக எழுந்தது. பெயரைப் பற்றிய மனத்தாங்கல் நியாயமானதே. ஆயினும், பெயரை மாற்றுவதால் குழாய் தூய்மையாகிவிடாது. சாக்கடையின் நீர் குடிநீர்க் குழாயில் எவ்வாறு புகுந்தது என்ற கேள்வியன்றோ முதலில் எழுந்திருக்க வேண்டும்?

அவ்வாறு புகுந்தால் விளைவது என்ன என்பதைப் பாகிஸ்தானின் சிந்து மாகாணம் காட்டியது. அங்கும் ஐதராபாத் என்ற பெயருடைய நகரம் ஒன்று உண்டு. 2016 நவம்பர் முதல் அங்கே புதுவகை டைஃபாய்டு காய்ச்சல் பரவிற்று. பழைய மருந்துகள் மூன்றும் பயனற்றுப் போயின. சிப்ரோஃபிளாக்சசின் வகையும், ஊசிவழி செலுத்தும் செஃப்ட்ரியாக்சோனும் பயனற்றுப் போயின. அந்தக் கிருமி தன் கோவையை ஈ. கோலை போன்ற குடற்கிருமியிடமிருந்து பெற்றிருக்கலாம் என்று மரபணு ஆய்வு காட்டியது. கழிவுநீர் கலந்த குடிநீரே நோய் பரவியதற்கு வழியாயிற்று. 2018 டிசம்பர் தொடக்கம் வரை சிந்து மாகாணத்தில் அறிவிக்கப்பட்ட 8,188 டைஃபாய்டு நோயாளிகளுள் 5,274 பேருக்கு இருந்தது இந்த அடங்காத வகையே. வாய்வழிக் கொடுக்கத்தக்க மருந்துகளுள் எஞ்சி நின்றது அசித்ரோமைசின் ஒன்றுதான். பிறகு தடுப்பூசியைக் கொண்டு நோயைக் கட்டுப்படுத்த முனைந்தனர். 2019-இல் பாகிஸ்தான் அதைக் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசித் திட்டத்திலும் சேர்த்தது. தடுப்பூசி நல்லதே. ஆனால் ஓட்டைக் குழாயை அது அடைத்துவிடாது.

இப்போது நம் கருத்தைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். மருந்துக்கு அடங்காத கிருமியைப் பற்றி எழுதுவோரிற் பலர், கடையில் தாமே மாத்திரை வாங்கி உண்ணும் ஏழையையும், பாதியில் மருந்தை நிறுத்தும் நோயாளியையுமே குற்றவாளிகளாக்குகின்றனர். அது தவறான பழக்கந்தான். அதைத் திருத்த வேண்டும். ஆனால் முழுப்பழியையும் அவர்மீது சுமத்துவது நேர்மையன்று. 103 நாடுகளின் விவரங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மருந்தை எவ்வளவு உபயோகிக்கிறார்கள் என்பதைவிட, குடிநீர், கழிப்பிட வசதி போன்ற அடிப்படை அமைப்புகளும் நல்ல நிர்வாகமுமே இந்தத் தீங்கின் ஏற்றத்தாழ்வோடு நெருங்கிய தொடர்புடையவை என்று கண்டது. எல்லாச் சமூகங்களுக்கும் தூய குடிநீரும் முறையான கழிவகற்றலும் கிடைத்தால், எதிர்ப்புக் கிருமிகளோடு தொடர்புடைய மரணங்களில் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சத்து 47 ஆயிரத்து 800 தவிர்க்கப்படலாம் என்று 2024-இல் மற்றோர் ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே, இது பொதுக் காரியம். தனி மனிதனின் ஒழுக்கத்தால் மட்டும் தீர்வதன்று. மடை திறப்பதும் வாய்க்கால் தூர்வாருவதும் எவ்வாறு ஊரார் கூடிச் செய்யும் வேலையோ, அவ்வாறே கூடிச் செய்ய வேண்டிய வேலை இது.

நம் மாநிலத்திலேயே இதற்கொரு பாடம் இருக்கிறது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பெருகியபோது, ஒவ்வொரு சாயப்பட்டறையும் தன் கழிவைச் சிறிதென்றே எண்ணி விட்டது. அச்சிறிதெல்லாம் நொய்யலிற் கூடிற்று. 1992-இல் பாசனத்துக்கென அமைந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. அதன் கீழ்ப்பகுதி நிலங்கள் உப்பேறிக் கெட்டன. உழவர்கள் வழக்காடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. தொழிலாளர் வேலையிழந்தனர், முதலாளிகள் நஷ்டமடைந்தனர், உழவர் இழந்த மண் உடனே திரும்பிவிடவில்லை. முதலிலேயே கழிவைத் தடுத்திருந்தால் மூவரும் தப்பியிருப்பர். நெசவுக்கும் உழவுக்கும் பகை மூட்டியது சாயமன்று. கழிவை அடுத்தவன் தலையிற் கட்டலாம் என்ற எண்ணமே. அங்கேயாவது ஆறு சிவந்தும் கறுத்தும் ஓடியதால் மக்கள் கண்டுகொண்டனர். எதிர்ப்புக் கிருமிக்கு நிறமில்லை, நாற்றமில்லை. தெளிந்த நீரிலும் அது இருக்கும். கண்டபின் வழக்காடலாம் என்று காத்திருப்பதற்கு இங்கே இடமில்லை.

இதற்கு மறுப்புக் கூறுவோர் இல்லாமலில்லை. தொழிற்சாலைகள் கழிவுக்காகக் கூடுதலாகச் செலவிட்டால் மருந்தின் விலை ஏறுமே, ஏழைக்கு எட்டாமற் போகுமே என்பது ஒரு வாதம். மருந்து கிடைக்காமல் இறப்போர் இன்றும் பலர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், இன்றைய மலிவு விலையில் ஒரு பகுதியைக் கீழே உள்ள கிராமத்து உழவன் தன் கிணற்றாலும் நிலத்தாலும் செலுத்திக் கொண்டிருக்கிறான். வேறொருவன் கணக்கில் பற்றெழுதிக் காட்டும் இலாபத்தை நம் சங்கத்துத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்வாரா? அன்றியும், பலனளிக்காமற் போன மருந்து எவ்வளவு மலிவாயிருந்தும் என்ன பயன்? மலிவான மாத்திரை தோற்றபின், ஏழை விலையுயர்ந்த ஊசிக்கல்லவா கடன்பட வேண்டும்?

ஆகவே, அரசாங்கத்தின் கடமை தெளிவானது. மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவில் ஆன்டிபயாட்டிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு கட்டும் வரைவு விதியை மத்திய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது. 121 மருந்துகளுக்கு அதில் வரம்பு குறிக்கப்பட்டிருந்தது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி விதியில் அவ்வரம்புகள் இடம்பெறவில்லை. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக் உற்பத்தியின் கழிவு பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நெறி என்பது அறிவுரை, சட்டமே கட்டாயம். கழிவில் வரம்பு, அவ்வரம்பை வெளியார் சோதித்தல், சோதனை முடிவை ஊரார் அறிய வெளியிடுதல் ஆகிய மூன்றும் சட்டத்தின் துணையுடன் நடைபெற வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அரசைக் கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. நம் கையில் உள்ளவற்றைச் செய்யாமல் பிறரைக் கேட்பது அழகன்று. சங்கங்கள் உடனே மேற்கொள்ளத்தக்கவை சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, குடிநீர். ஆறுதலான செய்தி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மருந்துக்கு அடங்காத கிருமி கொதிநீருக்கு அடங்கும். நன்றாகக் கொதிக்க வைத்த நீரில் அது மற்றக் கிருமிகளைப் போலவே சாகும். முறையாகக் கலந்த குளோரினும் பெரும்பாலான பாக்டீரியாக்களை ஒழிக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குழாய்நீரில் எஞ்சி நிற்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் இருக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் ஈ. கோலை ஒன்றுகூட இருத்தலாகாது. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டோம் என்ற வாய்மொழி போதாது. கடைசித் தெருக் குழாயில் அது எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான சோதனைப் பெட்டி விலையதிகமானதன்று. சங்கக் கட்டடத்தில் ஒன்றை வைத்து, வாரந்தோறும் அளவைக் கரும்பலகையில் எழுதலாம். சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாயில் ஒழுக்கு இருப்பின், அதைக் குறித்துப் பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ சங்கத்தின் பெயரால் எழுதலாம்.

இரண்டாவது, கழிவு. வீட்டுக் கழிவுத்தொட்டியை உறிஞ்சியெடுக்கும் லாரி அதை எங்கே கொட்டுகிறது என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. இரவோடிரவாக ஓடையிலோ வாய்க்காலிலோ கொட்டினால், அது நாம் பாய்ச்சும் நீராக நம்மிடமே திரும்புகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டியதற்குச் சீட்டுக் காட்டும் லாரிக்கே வேலை கொடுப்பது என்று ஒரு தெரு முழுதும் தீர்மானித்தால், அது தானாக நடைமுறைக்கு வந்துவிடும். கோழிக்கழிவையும் சாணத்தையும் பச்சையாக வயலில் இடாமல், குவித்துச் சூடேறி நன்கு மக்கியபின் இடுவது நலம்.

மூன்றாவது, பயிரும் கால்நடையும். நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலுக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த மருந்தைத் தெளிக்கும் பழக்கம் நம் உழவரிடையே உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயாளிகளின் உயிரைக் காத்த மருந்து என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பயிர்களில் இவற்றின் உபயோகத்தை 2024 தொடக்கத்தோடு அடியோடு நிறுத்தக் கருதும் வரைவு ஆணையை மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது. நோயைத் தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுத்தலும், தழைச்சத்தை அளவோடு இடுதலும், நோய்கண்ட வயலின் நீர் அடுத்த வயலுக்குப் பாயாமற் காத்தலும் நம்மால் இயலாதவை அல்ல. கோழிகள் விரைந்து பெருக்க வேண்டுமென்று தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதும் ஒழிய வேண்டும். மனிதருக்குக் கடைசிப் புகலிடமாக உள்ள கோலிஸ்டின் மருந்தைக் கோழிக்கும் கால்நடைக்கும் மீனுக்கும் உபயோகிப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது. மாட்டுக்கு ஊசி போட்டபின், மருத்துவர் குறித்த நாள்வரை அதன் பாலைச் சங்கத்துக்கு ஊற்றாதிருப்பது பால் உற்பத்தியாளரின் நாணயத்தைச் சேர்ந்தது.

நான்காவது, வீட்டு மருந்து. மருத்துவரின் சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் வாங்குவதையும், மீந்த மாத்திரையை அடுத்த வீட்டாருக்கு ஈவதையும், சாக்கடையில் எறிவதையும் விட்டொழிக்க வேண்டும். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் காரணம் பெரும்பாலும் வைரஸ். அதன்மீது ஆன்டிபயாட்டிக் செல்லாது.

இவற்றுள் எதுவும் பெருந்தொகை வேண்டுவதன்று, ஒற்றுமை வேண்டுவது. தனித்தனியே நூல் வாங்கியபோது வியாபாரி சொன்னதே விலையாயிருந்த நாள்களை நெசவாளர் அறிவர். சங்கமாகக் கூடியபின் பேரம் மாறிற்று. தண்ணீர் விஷயத்தில் நாம் இன்னும் தனித்தனியாகவே நிற்கிறோம். ஒவ்வொருவரும் தம் வீட்டில் வடிகட்டி வைத்துவிட்டால் போதுமென்று எண்ணுகிறோம். வடிகட்டி வாங்க வசதியுள்ளவன் தப்பலாம். ஆனால் அவன் பிள்ளை படிக்கும் பள்ளியின் குழாயும், அவன் தாய் படுத்திருக்கும் ஆஸ்பத்திரியின் குழாயும் பொதுவானவையே.

ஆகையால், வரும் மகாசபைக் கூட்டங்களில் ஒவ்வொரு சங்கமும் குடிநீர்ச் சோதனைக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கித் தீர்மானம் நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம். நெசவாளரிலிருந்து இருவரும் உழவரிலிருந்து இருவரும் சேர்ந்த குழு ஒன்று அதைக் கவனிக்கட்டும். மருந்துக் கழிவுக்கு வரம்பு கோரும் மனு ஒன்றையும் அதே கூட்டத்தில் கையொப்பமிட்டு அனுப்பலாம். முதற் சோதனையின் முடிவு நல்லதாயினும் தீயதாயினும் மறையாமல் ஊருக்கு அறிவிக்க வேண்டும். அதை நமக்கும் எழுதியனுப்பினால், மற்றச் சங்கங்கள் கண்டு பின்பற்றும் பொருட்டு இவ்விதழில் வெளியிடுவோம்.